லோட் எண் இல்லாத ஆட்சேபம்

கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040, கடந்த 2025 மே 28ஆம் தேதி அரசிதழில் வெளியாகி, ஜூன் 11ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன் வரைபடத்தைப் பலர் அதற்குப் பிறகுதான் முதன்முறையாகத் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்பது, குடியிருப்பாளர் கூட்டங்களில் எழும் கேள்விகளிலிருந்தே தெரிகிறது. எதிரே உள்ள காலி நிலத்துக்கு இவ்வளவு அடர்த்தி எப்போது வந்தது, அதை எதிர்த்து இப்போது எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கிறார்கள். அந்த நிலம் எதற்காக என்பதை மாற்றச் சொல்லும் வாய்ப்பு 2023ஆம் ஆண்டிலேயே வந்து போய்விட்டது. இனி எஞ்சியிருப்பது, அந்த நிலத்தில் ஒருவர் கட்டடம் எழுப்ப விண்ணப்பிக்கும்போது கிடைக்கக்கூடிய வேறொரு வாய்ப்பு. அது குறுகலானது, வாடகைக்குக் குடியிருப்பவருக்கும் கிரான் எனப்படும் நிலப்பட்டா இல்லாத கோயிலுக்கும் பெரும்பாலும் எட்டாதது. முதல் வாய்ப்பைத் தவறவிட்டால் நம்மில் பலருக்கு இரண்டாவது இல்லை என்பதால், இவை இரண்டும் எப்படி நடக்கின்றன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

தலைநகரின் நிலப் பயன்பாட்டை ஆள்வது 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம். அதன்கீழ் இரண்டு அடுக்குகளில் திட்டங்கள் உண்டு. நகரம் எந்தத் திசையில் வளர வேண்டும் என்ற கொள்கையைச் சொல்வது கட்டமைப்புத் திட்டம். லோட் எனப்படும் ஒவ்வொரு நிலத்துண்டும் குடியிருப்பா, வணிகமா, பூங்காவா, அதில் எவ்வளவு கட்டலாம் என்று குறித்துக் காட்டுவது உள்ளூர்த் திட்டம். இரண்டையும் வரைவு நிலையில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது ஒரு மாத அவகாசம் தர வேண்டும். 2040க்கான உள்ளூர்த் திட்ட வரைவு 2023 ஜனவரி 14 அன்று பார்வைக்கு வந்தது. அவகாசம் நீட்டிக்கப்பட்டு ஏப்ரல் வரை கருத்துகள் பெறப்பட்டன. அதற்கு மேலே இருக்க வேண்டிய கட்டமைப்புத் திட்டம் 2040 அரசிதழில் வெளியானது அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான். கொள்கை உறுதியாவதற்கு முன்னரே அதன் விவரங்களைப் பற்றிக் கருத்துச் சொல்லும் நிலை மக்களுக்கு ஏற்பட்டதை அப்போதே பலரும் சுட்டிக்காட்டினர். அந்தக் குறை நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன்.

இதற்கு முந்தைய அனுபவம் இன்னும் நீளமானது. அப்போதைய உள்ளூர்த் திட்டமான 2020க்கான நகரத் திட்டத்தின் வரைவு 2008 மே மாதம் மக்கள் பார்வைக்கு வந்தது; ஆட்சேபங்கள் குவிந்தன; விசாரணைகளும் நடந்தன. அது அரசிதழில் ஏறியதோ 2018 அக்டோபர் 30ஆம் தேதி. இடைப்பட்ட பத்தாண்டுகளுக்கு மேலான காலத்தில் நகரம் காத்திருக்கவில்லை. அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டேதான் இருந்தன. வரைவு வரைவாகவே கிடக்கும் காலத்தில், 2008இல் ஒழுங்காக எழுதிக் கொடுத்தவருடைய தாளுக்கும் எழுதாதவருடைய மௌனத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லாமல் போயிற்று. ஆட்சேபத்தைக் கையாளுவது என்பதில், கேட்டு முடித்த பின் எவ்வளவு காலத்துக்குள் முடிவெடுக்கிறார்கள் என்பதும் அடங்கும்.

கோலாலம்பூரில் இந்த ஆட்சேபப் படிவத்துக்கு ஒரு கூடுதல் எடை உண்டு. 1961 முதல் இந்த நகரத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்ற உறுப்பினர் என்று யாரும் கிடையாது. திட்டமிடல் அதிகாரம் மாநகரத் தலைவரான டத்தோ பண்டாரிடம் இருக்கிறது. அவருக்கு மேலே அமைச்சர் இருக்கிறார். நாடாளுமன்ற உறுப்பினரிடம் போய்ச் சொல்லலாம், அவரும் பேசுவார். ஆனால் திட்டத்தில் ஒரு கோட்டை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆகவே ஒரு குடியிருப்பாளரின் சொல் சட்டப்படி பதிவாகும் இடம், வரைவின் மீது அவர் தரும் எழுத்துவழி ஆட்சேபமே.

அந்த எழுத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு, வரைபடத்தை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நிறங்களைப் பலரும் பார்த்துவிடுகிறார்கள். பச்சை இருக்கிறதா, போயிற்றா என்பது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது மனை விகிதம். ஒரு நிலத்தின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதே அந்த விகிதம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. விகிதம் 4 என்றால் 174,240 சதுர அடி கட்டலாம். 6 என்றால் 261,360. வாகன நிறுத்தத் தளங்களை ஒதுக்கிவிட்டு, வீடு ஒன்றுக்கு 1,000 சதுர அடி என்று தோராயமாகக் கணக்கிட்டால், முதலாவதில் 174 வீடுகள், இரண்டாவதில் 261 வீடுகள். நிறம் மாறவே இல்லை. குடியிருப்பு, குடியிருப்பாகவே இருக்கிறது. ஆனால் காலை ஏழு மணிக்கு அதே சந்திலிருந்து இன்னும் 87 குடும்பங்களின் கார்கள் வெளியேற வேண்டும், அதே சாக்கடை அவர்களின் தண்ணீரையும் தாங்க வேண்டும். "உயரமான கட்டடம் வேண்டாம்" என்று எழுதுவதற்கும், "இந்த லோட்டின் விகிதத்தை 4இலிருந்து 6 ஆக்கினால், இருவழிப் பாதையாக இருக்கும் இந்தச் சாலை தாங்காது; சாலையை அகலப்படுத்தும் குறிப்பு வரைவில் எங்கும் இல்லை" என்று எழுதுவதற்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. முதலாவது மனக்குறை, இரண்டாவதற்கு அதிகாரி ஒரு பதிலை எழுதியாக வேண்டும்.

2023இல் எங்கள் வட்டாரத்து அம்மன் கோயிலுக்காக நான் ஒரு படிவம் நிரப்ப உதவினேன். கோயில் என்றால் பெரிய கோபுரம் ஒன்றும் இல்லை. அரசமரத்தடியில் தொடங்கி, தகரக் கூரை போட்டு, பிறகு செங்கல் சுவர் எழுப்பியது. மூன்று தலைமுறையாக ஆடிக் கூழ் ஊற்றும் இடம். வரைவு வரைபடத்தில் அந்த இடம் தனியாகக் குறிக்கப்படவில்லை. பக்கத்து அடுக்குமாடிக்கான நிறமே அதன் மேலும் படர்ந்திருந்தது. கோயில் தலைவர், எழுபதைத் தாண்டிய பெரியவர், நான்கு பக்கத்துக்குக் கோயிலின் வரலாற்றை எழுதிக் கொண்டுவந்திருந்தார். தோட்டம் இருந்த காலம், யார் மணி வாங்கிக் கொடுத்தார், எந்த ஆண்டு கும்பாபிஷேகம், எல்லாம் அதில் இருந்தது. இல்லாமல் போனது ஒன்றே ஒன்று. விசாரணையில் எங்கள் முறை வந்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முதலில் கேட்டது அதைத்தான்.

"ஐயா, உங்க லோட் நம்பர் என்ன?"

"நம்பரெல்லாம் தெரியாது தம்பி. அந்த அரசமரம் இருக்கு பாருங்க, அதுக்குப் பக்கத்துலதான்."

அதிகாரி பொறுமையானவர். திரையில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டி, இதுவா, இதுவா என்று கேட்டார். பெரியவருக்கோ மேலிருந்து பார்த்த பார்வை பழக்கமில்லை. மரம் தெரிந்தால்தான் கோயில் தெரியும். எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி இதிலேயே கரைந்தது. பிறகு பக்கத்து அடுக்குமாடியின் நிலவரி ரசீதில் உள்ள லோட் எண்ணிலிருந்து தொடங்கி, எல்லைக் கற்களைக் கணக்குப் போட்டு, கோயில் நிற்பது எந்த லோட்டின் எந்த மூலையில் என்பதைக் கண்டுபிடித்து, ஒரு பக்கத்தில் இணைப்புக் கடிதமாகக் கொடுத்தோம். அந்த ஒரு பக்கம் செய்த வேலையை நான்கு பக்க வரலாறு செய்யவில்லை. வரலாறு வீண் என்று சொல்ல வரவில்லை. எந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்த பிறகுதான் அந்த வரலாற்றுக்கு ஒரு முகவரி கிடைக்கிறது.

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இது எளிதில் புரியும். ஆயிரக்கணக்கில் வரும் தாள்களை முதலில் இடவாரியாகவும் பொருள்வாரியாகவும் பிரிக்க வேண்டும். ஒரே லோட்டைப் பற்றியவை ஓரிடத்தில் சேர வேண்டும். இடம் தெரியாத தாள் பொதுக் கருத்து என்ற கட்டில் போய் விழும். அச்சடித்த ஒரே கடிதத்தில் ஐந்நூறு பேர் கையெழுத்திட்டால், மக்கள் அக்கறை எவ்வளவு என்பதை அது காட்டும். ஆனால் காரணம் என்ற அளவில் அது ஒரே ஒரு காரணம். நில விலை குறையும், என் வீட்டு மாடியிலிருந்து தெரியும் காட்சி மறையும், அந்த நிறுவனத்தின் முந்தைய வேலை சரியில்லை என்பவை பொதுவாக எடுபடாது. போக்குவரத்து, வடிகால், திறந்தவெளி, பள்ளியில் இடம், சரிவின் பாதுகாப்பு, மேலேயுள்ள கட்டமைப்புத் திட்டத்தோடு முரண்பாடு ஆகியவை எடுபடும். நேரில் பேச விரும்புகிறவர் அதைப் படிவத்திலேயே குறிப்பிட வேண்டும். கொடுத்த நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டுப் பின்னால் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி, இரண்டாவது வாய்ப்பு. திட்டம் உறுதியான பின், அல்லது திட்டமே இல்லாத காலத்தில், ஒருவர் நிலப் பயன்பாட்டை மாற்றவோ அடர்த்தியை உயர்த்தவோ விண்ணப்பிக்கும்போது, ஒட்டியுள்ள நிலங்களின் பதிவுபெற்ற உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் திட்டமிடல் விதிகளில் 5ஆவது விதி சொன்னது. அந்த உரிமை வெறும் சடங்கு இல்லை என்பதை 1992இல் டத்தின் அசிசா வழக்கில் அன்றைய உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. அண்டை உரிமையாளர்களைக் கேட்காமல் தந்த அனுமதி நிற்காது என்பது அதன் சாரம். தலைநகரின் குடியிருப்பாளர் சங்கங்கள் முப்பது ஆண்டுகளாகக் கையில் வைத்திருக்கும் ஆயுதம் அதுவே.

ஆனால் அந்த விதியின் சொற்களைக் கவனிக்க வேண்டும்: "ஒட்டியுள்ள", "பதிவுபெற்ற", "உரிமையாளர்". பினாங்கிலும் தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களிலும் நடப்பிலுள்ள 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் இதை அளவுகோல் வைத்தே சொல்லிவிடுகிறது. ஒட்டிய நிலம், 20 மீட்டருக்கு மேற்படாத சாலை, சந்து, வடிகால் அல்லது ஒதுக்கு நிலத்துக்கு அப்பால் இருக்கும் நிலம், முட்டுச்சாலையைப் பங்கிட்டுக்கொள்ளும் பட்சத்தில் 200 மீட்டருக்குள் இருக்கும் நிலம். இவற்றின் உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் போகும். ஆட்சேபிக்க 21 நாள். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: அந்தப் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் இல்லாத நிலையில்தான் இந்தக் கடமை. உள்ளூர்த் திட்டம் வந்துவிட்டால், மக்கள் ஏற்கெனவே வரைவின்போது கேட்கப்பட்டுவிட்டார்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. வரைவைக் காட்சிக்கு வைத்த அந்தச் சில வாரங்கள் எவ்வளவு கனமானவை என்பதை இந்த ஒரு நிபந்தனையே சொல்லிவிடும்.

நம் சமூகத்தைப் பொறுத்தவரை இந்த மூன்று சொற்களும் மூன்று வேலிகள். பிளாட்டில் வாடகைக்கு இருப்பவர் உரிமையாளர் இல்லை. அரசு நிலத்தில் நிற்கும் கோயிலுக்குப் பதிவு இல்லை. 2025 மார்ச்சில் மஸ்ஜித் இந்தியா பகுதியின் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் இடம் மாற வேண்டி வந்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் ஆலயம் நின்ற நிலம் விற்கப்பட்டது 2014இல். நிலம் கைமாறும்போதோ அதன் பயன்பாடு தீர்மானிக்கப்படும்போதோ, அங்கே நூறாண்டு பூசை நடந்தது என்பது தானாக எந்தப் பதிவேட்டிலும் ஏறிக்கொள்வதில்லை. யாராவது ஏற்ற வேண்டும்.

இவை அனைத்தும் ஓரிடத்தில் வந்து முட்டிய வழக்கு தாமான் ரிம்பா கியாரா. தலைநகரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்புப் பகுதியின் ஓரத்தில் உள்ள 25 ஏக்கர் பூங்கா அது. 2020க்கான கட்டமைப்புத் திட்டத்தில் நகரப் பூங்காவாகக் குறிக்கப்பட்டிருந்தது. அதில் ஏறத்தாழ 12 ஏக்கரில் 42 முதல் 54 மாடி வரையிலான எட்டுக் கட்டடங்களும், 350 வீடுகள் கொண்ட 29 மாடிக் கட்டுப்படி வீட்டுக் கட்டடம் ஒன்றும் எழுப்ப 2017 ஜூலையில் மேம்பாட்டு உத்தரவு தரப்பட்டது. சுற்றுவட்டாரக் குடியிருப்புகளின் நிர்வாகக் கழகங்களும் மற்றவர்களும் நீதிமன்றம் சென்றனர். 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதிசெய்து, உத்தரவு செல்லாது என்றது.

இந்த வழக்கைப் பச்சைப் பூங்காவுக்கும் காங்கிரீட்டுக்கும் நடந்த சண்டையாகவே பலர் எழுதினார்கள். தமிழர்கள் அதை அவ்வளவு எளிதாகப் படிக்க முடியாது. அந்த 29 மாடிக் கட்டடம் யாருக்காக என்று முன்வைக்கப்பட்டதோ, அவர்கள் பழைய புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்துப் பாட்டாளிகளும் அவர்களுடைய பிள்ளைகளும். தோட்டம் கையகப்படுத்தப்பட்டபோது, 1980களின் தொடக்கத்தில், ரூமா பாஞ்சாங் என்று சொல்லப்படும் தற்காலிக நீண்ட வீடுகளில் குடியேற்றப்பட்ட சுமார் நூறு குடும்பங்கள். தற்காலிகம் என்பது நாற்பது ஆண்டாயிற்று. பூங்காவைக் காக்கும் ஆட்சேபம் ஒவ்வொன்றும் அவர்கள் காதில் "இன்னும் கொஞ்சம் பொறு" என்று விழுந்திருக்கும். எதிர்த்தவர்கள், அந்த மக்களுக்கு அங்கேயே வீடு தர வேண்டும் என்பதை மறுக்கவில்லை. நூறு குடும்பத்துக்கு வீடு கட்ட எட்டுக் கோபுரங்கள் எதற்கு என்பதே அவர்கள் கேள்வி. நல்ல கேள்விதான். ஆனாலும் ஆட்சேபம் எழுதும் கை, அந்த நிலத்தில் ஏற்கெனவே படுத்து எழுகிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய அந்தத் தீர்ப்பில், ஆட்சேபங்களைக் கையாளுவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கட்டமைப்புத் திட்டம் சட்ட வலிமை உள்ள ஆவணம். டத்தோ பண்டார் விரும்பினால் பார்க்கும், விரும்பாவிட்டால் ஒதுக்கும் வழிகாட்டிக் கையேடு இல்லை. அதிலிருந்து விலகுவதற்கு இடம் உண்டு. ஆனால் விலகினால் ஏன் என்று காரணம் காட்ட வேண்டும். விண்ணப்பித்தவர்களில் ஓர் அறவாரியத்தின் அறங்காவலர் குழுவில் டத்தோ பண்டாரே இடம்பெற்றிருந்ததால், விண்ணப்பதாரர் பக்கமும் முடிவெடுக்கும் பக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்த முரணையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. நிர்வாகக் கழகம் போன்ற அமைப்புகள் தங்கள் உறுப்பினர்களுக்காக வழக்காட வரலாம் என்பதும் உறுதியாயிற்று. அடுக்குமாடிகளில் வாழும் பெரும்பாலோருக்கு, இந்தக் கடைசிச் செய்தி நடைமுறையில் மிகப் பெரியது.

இவற்றில் எனக்கு முதன்மையாகப் படுவது காரணம் காட்டும் கடமை. ஆட்சேபத்தைக் கேட்பது ஒரு பாதி. கேட்டது எங்கே போயிற்று என்று சொல்வது மறுபாதி. "உங்கள் கருத்து பரிசீலிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியில் பரிசீலனை நடந்ததா என்பதற்கே சான்று இல்லை. இந்த லோட்டின் விகிதம் குறைக்கப்படவில்லை, ஏனெனில் இன்ன சாலை இன்ன ஆண்டுக்குள் அகலப்படுத்தப்படும் என்று எழுதினால், எதிர்த்தவருக்கு அது பிடிக்காமல் போகலாம்; ஆனால் அந்த ஆண்டு வரும்போது சாலை எங்கே என்று கேட்க அவருக்கு ஒரு பிடி கிடைக்கும். அதிகாரிக்கும் இதில் நன்மை உண்டு. காரணம் எழுதப் பழகிய அலுவலகம், எழுத முடியாத முடிவுகளை எடுக்கத் தயங்கும்.

முடிவு பிடிக்கவில்லை என்றால் எங்கே போவது என்பதில் பினாங்கும் கோலாலம்பூரும் வேறுபடுகின்றன. பினாங்கில், முறைப்படி ஆட்சேபம் தந்த அண்டை நில உரிமையாளர் மாநில மேல்முறையீட்டு வாரியத்தை ஒரு மாதத்துக்குள் நாடலாம், செலவு குறைவு. கோலாலம்பூரில் மேல்முறையீடு என்பது அனுமதி மறுக்கப்பட்ட விண்ணப்பதாரருக்கான வழி. எதிர்த்தவருக்கு எஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு, அதாவது முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்வது. அதற்கான காலம் மூன்று மாதம். முடிவு எப்போது எடுக்கப்பட்டது என்பதே தெரியாமல் இரண்டு மாதம் ஓடிவிடுவது உண்டு. வேலித்தகரம் அடிக்க லாரி வரும்போதுதான் பலருக்குச் செய்தி தெரிகிறது. நிர்வாகக் குழுவில் ஒருவரையாவது, சுற்றியுள்ள நிலங்களின் அறிவிப்புப் பலகைகளை மாதம் ஒருமுறை நடந்து பார்த்துப் படம் எடுத்து வைக்கச் சொல்வது சிறிய வேலை. நீதிமன்றத்தில் அந்தத் தேதியிட்ட படம் சிறியதாக இருக்காது.

எங்கள் கோயில் தலைவர் இப்போது லோட் எண்ணைத் தேடுவதில்லை. முத்திரை வாங்கிய நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு உண்டியலுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறார். எண்ணை மட்டும் தனியாக ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, திருவிழாத் தேதிகள் எழுதும் நாள்காட்டிக்குக் கீழே ஆணியில் மாட்டியிருக்கிறார்.